பியூவல் மொடியூல் பூட்டின பிறகு இழுவை விடுகுது: பதில்

தம்பி, பைக்கில சைலன்சரை மாத்தி, எஞ்சினுக்குப் போற பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற பியூவல் மொடியூலும் பூட்டின பிறகு பாதித் திரொட்டிலுக்கு மேலே இழுவை விடுகுது, திரொட்டிலை மூடேக்கை சைலன்சர் பட்பட்டெண்டு வெடிக்குது, எஞ்சின் நிமிசத்துக்கு 2000–4000 சுத்துற இடத்தில பெற்றோலை 10 வீதம் கூட்டியும் சரிவரேல்லை எண்டு எழுதியிருக்கிறியள்.

மேப்பை, அதாவது எந்தச் சுத்துக்கும் திரொட்டிலுக்கும் எவ்வளவு பெற்றோல் எண்ட மொடியூல் அட்டவணையை, தொட முதல் சைலன்சர் பைப் எஞ்சினோட சேருற காஸ்கெற்றைப் பாருங்கோ. அதால காத்து உள்ளே போனால் வெடிக்கும். புகையில மிஞ்சிற ஒட்சிசனை அளக்கிற ஒட்சிசன் சென்சரும் பெற்றோல் குறைவு எண்டு பிழையாக் காட்டும். மொடியூலின்ர எர்த் வயர் நேரா பற்றரி நெகற்றிவுக்குப் போகவேணும். பிறகு எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டு, திரொட்டில் மூடினது 0, முழுக்கத் திறந்தது 100 எண்டு பதிய வையுங்கோ.

நீங்கள் கூட்டின 10 வீதம் அந்த இடத்தில நிக்காது. கொம்பனி ஈசியூ, அதாவது எஞ்சினை நடத்துற கொம்பியூட்டர், ஒட்சிசன் சென்சரைப் பாத்து, திரும்ப 14.7க்கே (நிறையில ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காத்து) குறைச்சுப்போடும். சில ஈசியூ அந்தக் குறைப்பை நினைவில வைச்சு, கூடத் திருகேக்கையும் பாவிக்கும். உங்கட இழுவை விடுறதுக்கு எனக்கு முதல் சந்தேகம் இதிலதான். மேப்பில 10 வீதம் கூட்டின கட்டங்களை 0 ஆக்குங்கோ. 60 வீதத் திரொட்டிலுக்கு மேலே மட்டும் 3 வீதம் 3 வீதமாக் கூட்டி, காத்து-பெற்றோல் விகிதத்தைக் காட்டுற வைட்பாண்ட் மீற்றர் 13க்கு வர நிப்பாட்டுங்கோ. 92 ஒக்ரேன் அடிச்சு இந்த வெயிலுக்குள்ள ஓடுறதெண்டால் 12.8 நல்லது.

ஓடிக்கொண்டு மீற்றரைப் பாக்கவே வேண்டாம். ஆனையிறவுப் பக்கம் மாதிரி நேர் றோட்டில, மூண்டாம் கியரில ஓடிப் பதிவெடுத்து, வீட்டை வந்து பாருங்கோ.