மேடையில் பேச வராது, எழுத வரும். அந்த எழுத்தால் பிறரை விசுவாசத்தில் தேற்றுவது எப்படி?

ஜெபக் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எழுத மட்டும் வருகிறது, இதை ஊழியமாகச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் தியானக் கட்டுரையில் ஆரம்பிக்காதீர்கள். உங்கள் சபையில் சோர்ந்திருக்கும் ஒருவருக்கு, அவர் பெயர் போட்டு, கையால் ஒரு கடிதம் எழுதுங்கள். புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களில் 21 நிருபங்கள்தான், அதாவது கடிதங்கள். பிலேமோனுக்குப் பவுல் எழுதியது வெறும் 25 வசனம்.

எப்படி எழுதுவது என்பதற்கு, ரோமாபுரி விசுவாசிகளுக்குப் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். பெயர்ப் பட்டியல் என்று பலரும் தாண்டிப்போகிற அதிகாரம் அது. பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகக் கழுத்தைக் கொடுத்தவர்கள் என்கிறார் பவுல். மரியாள் மிகவும் பிரயாசப்பட்டவள். ரூபின் அம்மா ‘எனக்கும் தாய்’. பொத்தாம்பொதுவாக ‘நீங்கள் நல்லவர்கள்’ என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. யார் என்ன செய்தார் என்று சொல்கிறார். உற்சாகப்படுத்தும் எழுத்துக்கு இதுதான் அடிப்படை: கடிதத்தைப் பெறுபவர் செய்ததில் நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றை எழுத வேண்டும். ‘உங்கள் ஊழியம் ஆசீர்வாதமாக இருக்கிறது’ என்ற வரியை யாரும் யாருக்கும் எழுதலாம். ‘மழையிலும் ஓய்வுநாள் பள்ளிக்கு வந்த மூன்று பிள்ளைகளுக்காக முழுப் பாடத்தையும் நடத்தினீர்கள்’ என்பதை அந்த ஆசிரியை ஒருவருக்குத்தான் எழுத முடியும்.

துக்க வீட்டுக்கு எழுதுவதுதான் கஷ்டம். கணவரை இழந்த ஒருவருக்கான கடிதம் இப்படி இருக்கலாம்:

“அன்புள்ள அக்காவுக்கு, அண்ணன் போய் மூன்று வாரம் ஆகிறது. ஞாயிறு காலை முதல் மணிக்கு முன்பே வந்து, பெண்கள் பக்கத்துப் பாயை உதறி விரித்துவிட்டு, சத்தமில்லாமல் கடைசி வரிசையில் போய் உட்காருவார். போன வாரம் அந்தப் பாய் சுருட்டியபடியே கிடந்தது. என்ன சொல்லித் தேற்றுவதென்று தெரியவில்லை, அக்கா. ‘நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருந்து’ என்று 34-ஆம் சங்கீதத்தில் வருகிறது. அந்த வார்த்தையைச் சொல்லித்தான் தினமும் உங்களுக்காக ஜெபிக்கிறேன். சனிக்கிழமை மதியச் சாப்பாடு நான் கொண்டுவருகிறேன், சமைக்க வேண்டாம். இதற்குப் பதில் எழுதவும் வேண்டாம்.”

ஒரு பக்கம்கூட வராது. துக்கத்தில் இருப்பவர்களால் நீளமாகப் படிக்க முடியாது. இறந்தவரைப் பற்றிப் பேசப் பயப்படாதீர்கள். எல்லோரும் அந்தப் பேச்சைத் தவிர்ப்பதுதான் அவர்களுக்குப் பெரிய வலி. வசனம் ஒன்று போதும். அதையும் எண்ணாக மட்டும் குறிக்காமல் வார்த்தைகளாக எழுதுங்கள், அன்றைக்கு வேதாகமத்தை எடுத்துப் புரட்டித் தேட அவர்களுக்குத் தெம்பு இருக்காது. ‘ஏதாவது தேவை என்றால் சொல்லுங்கள்’ என்று முடித்தால், என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று யோசிக்கும் பாரம் அவர்கள் தலையில் விழும். நாளைக் குறித்து, செய்யப்போவதைச் சொல்லி, செய்துவிடுங்கள். பதில் வேண்டாம் என்ற வரி ஒரு கடனைக் குறைக்கிறது.

சறுக்குவது பெரும்பாலும் காரணம் சொல்லப் போகும்போதுதான். ‘எல்லாம் கர்த்தருடைய சித்தம்’, ‘நல்லவர்களை அவர் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்’, குழந்தையை இழந்த தாயிடம் ‘சின்ன வயசுதானே, இன்னொன்று பிறக்கும்’ என்பவை எழுதுகிறவரின் சங்கடத்தைத்தான் தீர்க்கும். வேதாகமத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபின் சிநேகிதர்கள், ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். காரணம் கண்டுபிடித்துப் பேச ஆரம்பித்த பிறகுதான் ‘அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்’ என்று அவன் வாயால் பேர் வாங்கினார்கள்.

வசனத்தை இடம் பார்த்து எடுங்கள். எரேமியா 29:11 வாழ்த்து அட்டைகளில் அதிகம் வருகிறது: ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ அதுவே ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கும் வரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதியது. அதற்கு முந்தைய வசனத்தில் 70 வருஷம் ஆகும் என்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு, ‘அடுத்த மாதமே வேலை கிடைக்கும்’ என்ற பொருளில் கொடுத்தால், மாதம் முடியும்போது அவர் வசனத்தையே சந்தேகிப்பார். ‘விசுவாசித்தால் கட்டாயம் சுகமாவீர்கள்’ என்றும் எழுதாதீர்கள். சுகமாகாவிட்டால், தன் விசுவாசம்தான் போதவில்லை என்ற குற்றவுணர்வையும் நோயோடு சேர்த்துச் சுமப்பார். அப்படிப்பட்டவருக்கு 13-ஆம் சங்கீதம் பொருந்தும். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று கேட்க வேதமே இடம் கொடுத்திருக்கிறது என்று தெரிவதும் ஆறுதல்தான். மொத்தமே ஆறு வசனம்.

பெறுபவர் கத்தோலிக்கர் என்றால் திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பிலிருந்து எழுதுங்கள், அவர் காதுக்குப் பழகியது ‘ஆண்டவர்’. பழைய மொழிபெயர்ப்பில் வளர்ந்த பாட்டிக்கு ‘கர்த்தர்’ என்றால்தான் மனசு ஒட்டும்.

ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு எழுத்தைப் பெரிதாக, வரிகளுக்கு இடையே நன்றாக இடம் விட்டு எழுதுங்கள். அநேகமாக மகளோ மருமகளோதான் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுவார்கள். அதனால் பக்கத்துப் படுக்கைக்காரர் கேட்கக் கூடாத எதுவும் அதில் இருக்கக் கூடாது. நோயின் பெயரை எழுதாதீர்கள், அவரிடமே இன்னும் சொல்லாமல் வைத்திருக்கலாம்.

துக்க வீட்டுக்கு எப்போது அனுப்புவது? முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். ஆறுதல் ஜெபங்கள் முடிந்து, சொந்தக்காரர்கள் ஊருக்குப் போன பிறகுதான் வீடு நிசப்தமாகும். மூன்றாவது வாரம் ஒன்று, மூன்றாவது மாதம் ஒன்று, அவர் இல்லாத முதல் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு ஒன்று, நினைவு நாளுக்கு ஒன்று. நான்கு தேதிகளையும் முதல் கடிதம் எழுதும் அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள், பிறகு நிச்சயம் மறக்கும். இன்லேண்ட் லெட்டரே போதும். புகைப்படமோ வசன அட்டையோ வைப்பதானால் கவர் வாங்குங்கள், இன்லேண்டுக்குள் எதையும் வைக்கக் கூடாது.

எழுதியதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பதில் வந்தால் அதையும்தான். ‘இன்னாருக்காக ஜெபியுங்கள்’ என்று சபைக் குழுவில் போடுவதாக இருந்தாலும் முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் உங்களிடம் மட்டும் சொன்ன கஷ்டம் ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது வேறொருவர் வாயிலிருந்து அவர் காதுக்கே வந்தால், அதற்குப் பிறகு உங்கள் கடிதத்தை அவர் பிரிக்கக்கூட மாட்டார்.