வெளியார் யோசனை: வாசகர் கேள்விகள்

கேள்வி: ‘புதுப் பொருளுக்கு யோசனை சொல்லுங்கள்’ என்று எங்கள் நிறுவனம் அறிவித்தது. குவிந்தவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. தவறு எங்கே?

பதில்: அறிவிப்பில்தான். பொதுவாக யோசனை கேட்டால் ஆசைப் பட்டியல்தான் வரும். தீராத சிக்கல் ஒன்றை முன்வையுங்கள். ஒரு பக்கம் போதும்: என்ன நடக்க வேண்டும், எந்த அளவை எட்டினால் ஏற்பீர்கள், செலவு வரம்பு என்ன, எதையெல்லாம் முயன்று கைவிட்டீர்கள். கடைசி விவரத்தைத்தான் பலரும் மறைக்கிறார்கள். அப்புறம் கைவிட்ட வழிகளே திரும்பத் திரும்ப வந்து சேர்கின்றன.

துறைக்குள் மட்டும் புழங்கும் சொற்களையும் எடுத்துவிடுங்கள். விடை அடுத்த துறைக்காரரிடம் இருக்கலாம். கடுங்குளிரில் நீரோடு சேர்ந்து கெட்டிப்பட்ட கசிவு எண்ணெயை எப்படிப் பம்பு செய்வது என்று அலாஸ்காவின் ஆய்வு அமைப்பு ஒன்று 2007இல் இன்னோசென்டிவ் தளத்தில் (நிறுவனங்கள் சிக்கலை முன்வைத்து, தீர்ப்பவருக்குப் பரிசு தரும் இணையதளம்) கேட்டது. கான்கிரீட் இறுகாமலிருக்க உதவும் வைப்ரேட்டரையே இதற்கும் பயன்படுத்தலாம் என்று சொன்னவருக்கு 20,000 டாலர் பரிசு. அவர் எண்ணெய்த் துறைக்காரர் அல்லர்.

கேள்வி: யோசனை தந்தவர் பிற்பாடு உரிமை கோரினால்?

பதில்: முதல் சுற்றில் ரகசியம் எதுவும் எழுத வேண்டாம் என்று விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். தேர்வானவர்களோடு மட்டும் ரகசியக்காப்பு ஒப்பந்தம். அதே வேலையில் இருக்கும் உங்கள் பொறியாளர் விண்ணப்பங்களைப் படிக்கவே கூடாது; அவராகவே கண்டது எது என்று பிற்பாடு காட்ட, அவருடைய குறிப்பேடு தேதியோடு இருக்கட்டும். நீங்களும் யோசனை தந்தவரும் சேர்ந்து உருவாக்குவதற்குக் கூட்டுக் காப்புரிமை என்பது கேட்க நியாயமாகத் தோன்றும், ஆனால் வம்பு. அமெரிக்காவில் ஒரு கூட்டாளி மற்றவரைக் கேட்காமலே மூன்றாமவருக்கு உரிமம் தரலாம். இந்தியாவில் சம்மதம் வேண்டும். உரிமையை ஒருவரிடம் வைத்து, மற்றவருக்கு அவர் தொழிலுக்கான உரிமம் தருவதே சிக்கலற்றது.

கேள்வி: பெரிய பரிசுப் போட்டி பலன் தருமா?

பதில்: விடை கிடைக்கும், பயன்படுமா என்பது வேறு. யாருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று சொல்லும் பரிந்துரைக் கணிப்பை 10 சதவீதம் மேம்படுத்த நெட்ஃபிளிக்ஸ் 2006இல் 10 லட்சம் டாலர் அறிவித்தது. 2009இல் ஒரு குழு வென்றது. ஆனால் அந்த இறுதித் தீர்வைப் பொருத்த ஆகும் பொறியியல் உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லையென்று நிறுவனம் அதைச் செயல்படுத்தவில்லை. எனவே துல்லியத்தோடு, இயக்கச் செலவு, இருக்கும் கருவிகளோடு பொருந்துதல் ஆகியவற்றையும் விதிகளிலேயே சேருங்கள். முடிவை வாங்கி நடத்தப்போகும் பிரிவின் தலைவர் அந்த விதிகளில் கையெழுத்திடட்டும். முன்னோட்டச் சோதனைக்கான பணமும் அவர் கணக்கிலிருந்தே போகட்டும். அவர் தயங்கினால் போட்டியைத் தள்ளிப்போடுங்கள்.