திவால் சட்டத்தில் தனியாளாகத் தீர்வாளர் தொழில் செய்வோருக்கு: கேள்வி பதில்

கோவை ஆடிட்டர்: ஐபி (திவால் வழக்குகளைக் கையாளும் தீர்வாளர்) பதிவு வாங்கிவிட்டேன் சார். ஒரு கோடிக்கு மேல் பாக்கி வைத்த மில் மீது நூல் வியாபாரி ஒருவர் தீர்ப்பாயத்தில் மனு போடுகிறார். என்னை இடைக்காலத் தீர்வாளராக, அதாவது மில் நிர்வாகத்தை முதலில் கையில் எடுப்பவராக, இருக்கச் சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், செலவுக்குப் பணம் யார் தருவார் என்று கேளுங்கள். நியமனம் ஆன மூன்று நாளுக்குள் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றிலும் அறிவிப்பு வர வேண்டும். மில் வாசலுக்கு வாட்ச்மேன் வேண்டும். இன்சூரன்ஸ் பெரும்பாலும் காலாவதியாகி இருக்கும், கம்பெனிக் கணக்கிலும் காசு இருக்காது. விதி 33-இன்படி இதையெல்லாம் முதலில் மனுதாரர்தான் தர வேண்டும். கடன் கொடுத்தோர் குழு ஏற்கும் அளவுக்குத்தான் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். இது தெரிந்ததும் போனை எடுக்காதவர்கள் உண்டு. முன்பணத்தை எழுத்தில் வாங்குங்கள், அப்புறம் கையெழுத்து.

மதுரை: முதலாளி கணக்கே தர மறுக்கிறார்.

பதில்: பிரிவு 19(2)-இல் மனு போடுங்கள். ஆனால் அது விசாரணைக்கு வரும்வரை, தீர்வை முடிக்க உள்ள 180 நாள் கெடு நிற்காது. அதனால் பொறுப்பேற்ற அன்றே ஆளோடு போய் டேலி டேட்டாவைக் காப்பி எடுங்கள், ஸ்டாக்கைப் போட்டோ எடுங்கள். கேட்ட ஒவ்வொன்றையும் ஈமெயிலிலும் பதிவுத் தபாலிலும் கேளுங்கள்.

சென்னை வங்கி அதிகாரி: 2022 அக்டோபர் முதல் மாதம் 1 லட்சம் குறைந்தபட்சக் கட்டணம் என்று விதியே இருக்கிறது. தீர்வுச் செலவுக்குத்தான் முதல் முன்னுரிமையும். பிறகென்ன குறை?

பதில்: கடன் கொடுத்தோர் கேட்டதில் ஏற்கப்பட்ட தொகை 50 கோடி வரை என்றால் 1 லட்சம், சரி. முன்னுரிமை என்பது விற்க ஏதாவது இருந்தால்தானே? குழுவில் கட்டணத்துக்கு ஓட்டுப் போடும் வங்கி, தன் பங்கைச் செலுத்தச் சொன்னால் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. அதுவரை வாட்ச்மேன் சம்பளம் தீர்வாளர் பையிலிருந்துதான் போகிறது.

அதே அதிகாரி: தாங்க முடியாதவர்கள் இந்த வேலையைப் பெரிய தீர்வாளர் நிறுவனங்களுக்கு விட்டுவிடலாமே?

பதில்: இதை நான் ஏற்கவே மாட்டேன். இருபது பேர் வேலை பார்த்த பட்டறைக்குப் பெரிய நிறுவனம் வருமா? தனியாள் ஒதுங்கினால் அப்படிப்பட்ட கம்பெனிகளுக்கு வாங்குபவரைத் தேட யாரும் இருக்க மாட்டார்கள். நேராகக் கலைப்புதான்.

திருச்சி: ஆரம்பச் செலவை யார் தருவார்?

பதில்: கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். முன்பணம், எழுத்தில்.

சேலம்: என் கிரெடிட் கார்டு பாக்கிக்கு வழி சொல்லுங்கள்.

பதில்: என் துறை இல்லை. வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஈரோடு: குழு அமையும் முன்பே சமரசம் ஆகிவிட்டது. என் செலவு?

பதில்: விதி 30ஏ-இன்படி, திரும்பப் பெறும் மனுவோடு உங்கள் செலவுக்கான வங்கி உத்தரவாதத்தையும் மனுதாரர் தர வேண்டும். மனு உங்கள் வழியாகத்தான் தீர்ப்பாயத்துக்குப் போகும். உத்தரவாதம் இல்லாமல் வந்தால், குறையைச் சுட்டி எழுத்தில் கேளுங்கள்.