மஞ்சள் பூவெல்லாம் அரளியா?

கேள்வி: மதுரைப் புறநகரில் நாங்கள் வாங்கிய வீட்டில், சுற்றுச்சுவரை ஒட்டி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த மஞ்சள் பூச்செடி ஒன்று நிற்கிறது. அது அரளி, மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். வெட்டிவிடலாமா? வேறு என்ன பூச்செடிகள் வைக்கலாம்? பிற்பகல் வெயில் கடுமை. போர்த் தண்ணீர்தான் பாய்ச்சுகிறோம்.

பதில்: வெட்டுவதற்கு முன் இலையைப் பாருங்கள். மஞ்சள் அரளியும் டெக்கோமாவும் பூவின் நிறத்தாலும் குழல் போன்ற வடிவாலும் எளிதில் மயங்கவைப்பவை. டெக்கோமாவைத் தங்க அரளி என்று சொல்வாரும் இருப்பதால் குழப்பம் கூடிவிடுகிறது. மஞ்சள் அரளியின் இலை ஒடுங்கி நீண்டு, எண்ணெய் தடவியது போன்ற பளபளப்புடன், ஓரத்தில் பல் இல்லாமல், கொம்பைச் சுற்றி ஒவ்வொன்றாக அமைந்திருக்கும். கிள்ளினால் பால் வடியும். டெக்கோமாவில் வேம்பைப் போல ஒரே காம்பில் பல சிற்றிலைகள் ரம்பப்பல் ஓரத்துடன் இருக்கும், பால் வராது. காய் பிடித்திருந்தால் ஐயமே வேண்டாம். அரளியில் பச்சை நிறத்தில் சதைப்பற்றுள்ள, முற்றினால் கறுக்கும் உருண்டைக் காய். டெக்கோமாவில் பயற்றங்காய் போல நீண்டு தொங்கும் காய்.

டெக்கோமா என்றால் அப்படியே விட்டுவிடலாம். வெயிலைத் தாங்குவதில் அதற்கு நிகரான செடிகள் குறைவு. அரளி என்றால் தயங்காமல் அகற்றுங்கள். அதன் எல்லாப் பாகங்களிலும், விதையில் மிகுதியாகவும், இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. கையுறை அணிந்து, மீண்டும் துளிர்க்காதபடி வேரோடு தோண்டி எடுங்கள். எரிக்க வேண்டாம், ஆடு மாடு மேயும் இடத்தில் போடவும் வேண்டாம். குழந்தை எதையாவது மென்றுவிட்டதாகத் தெரிந்தால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் செடியின் ஒரு கொத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பால் வடிவதெல்லாம் அரளி அல்ல. நந்தியாவட்டையிலும் பால் வடியும். ஆனாலும் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயதில் அதையும் நான் தள்ளிப்போடவே சொல்வேன்.

அந்தச் சுவரோரத்துக்கு என் முதல் தேர்வு செம்பருத்தி. நர்சரியில் தட்டு அகலத்துக்குப் பூத்திருக்கும் கலப்பினங்களை விட்டுவிட்டு, ஐந்து இதழ் கொண்ட சிவப்பு நாட்டுச் செம்பருத்தியைக் கேட்டு வாங்குங்கள். புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் கவாத்து செய்ய வேண்டும். நுனித் தளிரில் பஞ்சு ஒட்டியது போல் மாவுப்பூச்சி தெரிந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளியுங்கள்.

பலரும் விரும்பும் இட்லிப்பூவை (சங்கப் பாடல்களில் ஆநிரை கவரச் சென்றோர் சூடிய வெட்சி இதுதான் என்பர்) சுவரை ஒட்டி வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கட்டுமானச் சிமெண்டுத் துகளும் உப்பு மிகுந்த போர்த் தண்ணீரும் மண்ணைக் காரத்தன்மை ஆக்கிவிடுவதால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற பகுதி வெளுத்துப்போகும் இளம் இலைதான் இதற்கு அடையாளம். யூரியா போட்டால் இது தீராது; கீலேட் வடிவ (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும்படி பிணைத்த) இரும்புச்சத்தைத் தெளிப்பதும், தொழுவுரத்தை மிகுதியாக இடுவதும், முடிந்தபோது மழைநீரைப் பாய்ச்சுவதும் உதவும். சுவரிலிருந்து மூன்று அடியாவது தள்ளி, கட்டட இடிபாட்டை அள்ளிவிட்டுச் செம்மண் நிரப்பிய குழியில் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

வீட்டு நிழல் விழும் பக்கத்தில் கனகாம்பரம் போதும். செம்பருத்திக்கு ஐந்தடி இடைவெளியில் ஒன்றரை அடிக் குழிகளை ஆவணியிலேயே எடுத்து ஆறவிட்டு, புரட்டாசியில் நட்டால், ஐப்பசி மழையில் வேர் பிடித்துவிடும்.