புல்லை விடுங்கள், முதலில் கோரையைப் பாருங்கள்

புது வீட்டுக்கு முன்னால் வெறும் மண்ணாகக் கிடக்கும் இடத்தில் கொரியன் புல் போட மண்ணை எப்படித் தயார் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாகக் கிரகப்பிரவேசத் தேதி குறித்தாயிற்று, வீட்டில் அவசரப்படுத்துகிறார்கள். நானும் அப்படி அவசரப்பட்டுத்தான் இரண்டு தடவை செலவு செய்தேன்.

எங்கள் வீடு கோவை வடவள்ளிப் பக்கம். முன்னால் 500 சதுர அடி இடம். நர்சரிக்காரர் ஒரு லோடு செம்மண்ணைக் கொட்டி நிரவி, இரண்டே நாளில் புல் பத்தைகளை விரித்துவிட்டுப் போனார். தை மாதம் விசேஷத்துக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார்கள், எனக்கும் பெருமைதான். நாற்பது நாள் ஆகியிருக்கும். ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டே பார்க்கிறேன், புல்லுக்கு நடுவே ஊசி ஊசியாக நிற்கிறது. கோரை! பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வந்தது. தோண்டினால், கருமணி கோத்த மாதிரி கிழங்குக்குக் கிழங்கு வேர் ஓடியிருக்கிறது. செம்மண்ணோடு வந்த சீதனம். அதற்கும் கீழே, மேஸ்திரி புதைத்துவிட்டுப் போன சிமெண்ட் கட்டியும் டைல்ஸ் துண்டும்.

மொத்தத்தையும் பெயர்த்தோம். சித்திரை வெயிலில் ஓர் அடி ஆழம் கொத்திப் புரட்டி, நானும் மனைவியும் முக்காலி போட்டு உட்கார்ந்து இரண்டரை வாளி கிழங்கு பொறுக்கினோம். அப்புறம் தண்ணீர் விட்டுப் பதினைந்து நாள் காத்திருந்து, முளைத்ததைக் கிழங்கோடு தோண்டி எடுத்தோம். இப்படி மூன்று தடவை. அதற்குப் பிறகுதான் நன்றாக மக்கிய தொழுவுரம் (பச்சைச் சாணி வேண்டாம், களை விதையும் புழுவும் சேர்ந்து வரும்). எங்கள் மண் களி என்பதால் மணலும் கலந்தோம். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு வருகிற மாதிரி நூல் கட்டிப் பார்த்தோம். நனைத்துவிட்டு நடந்து, குதிகால் புதைந்த இடத்தில் எல்லாம் மண் போட்டோம். ஆனியில்தான் மறுபடி புல். இன்றைக்கும் ஒன்றிரண்டு கோரை தலைகாட்டும், தோண்டிவிடுவேன்.

"தண்ணீர்ப் பஞ்ச ஊரில் புல்தரை ஒரு கேடா?" என்று கேட்க ஆள் வருவார்கள், தெரியும். போர் தண்ணீர்தான், குடிக்க வரும் சிறுவாணித் தண்ணீர் ஒரு சொட்டு விடுவதில்லை. நான் தோட்டக்கலை படித்தவனும் இல்லை, வங்கியில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். கோரைக்குக் களைக்கொல்லி மருந்தடித்தால் ஒரே வாரம் என்பவர்கள் அடித்துக்கொள்ளட்டும், எங்கள் வீட்டில் பேரன் புல்லில் புரளுகிறான்.

லோடு மண் வாங்கினால் முதலில் ஒரு சட்டி மண்ணை வாங்கி வந்து, ஈரமாகவே வைத்து இரண்டு வாரம் பாருங்கள். என்ன முளைக்கிறதோ, அதுதான் உங்கள் தரையிலும் முளைக்கும்.

இத்தனை பாடுபட்டும் கிழக்கு மூலையில் புல் சரியாகப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு முருங்கை எங்கள் பக்கமே சாய்ந்து, அங்கே நிழல் கட்டி நிற்கிறது. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி கொத்துக் கொத்தாக விழும், பேரனுக்கு ஒரு வாரம் தடிப்பு. கிளையை வெட்டச் சொன்னால் "மரம் எங்க மரம்ங்க" என்கிறார் அந்த மனுஷர். சரி, காயாவது கொடுப்பாரா? ஆறு வருடத்தில் ஒன்று வந்ததில்லை. உங்கள் இடத்தில் வெயில் எத்தனை மணி நேரம் விழும் என்று நீங்கள் எழுதவில்லையே? மரநிழல் என்றால் கொரியன் புல்லுக்குச் செலவு செய்யாதீர்கள்.