பெரியவரின் பாஸ்வேர்டை நான் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: வாரம் ஒருநாள் முதியவர்களுக்கு ஸ்மார்ட்போன் பழக்கிவிடும் தன்னார்வலராக இருக்கிறேன். 74 வயதுப் பெரியவர் ஒருவர், சொல்லிக்கொடுத்ததை அடுத்த வாரமே மறந்துவிடுகிறார். போன வாரம் போனை என்னிடம் நீட்டி, வங்கிச் செயலியின் பாஸ்வேர்டையும் சொல்லி, "நீயே பண்ணிக் குடும்மா, இதை நீயே குறித்து வைத்துக்கொள்" என்றார். தயங்கினால் மனம் நோகிறார். வாங்கி வைத்துக்கொள்வதில் தவறு உண்டா?

பதில்: வாங்காதீர்கள். நாளைக்குக் கணக்கில் பணம் குறைந்தால் பழி உங்கள்மேல் விழும் என்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. விவரம் தெரிந்த ஒருவர் கனிவாகப் பேசினால் போனையும் ரகசிய எண்ணையும் அவரிடம் ஒப்படைத்துவிடலாம் என்று நீங்களே அவரைப் பழக்கியதாகிவிடும். மோசடிக்காரனும் அப்படித்தான் வருவான். "நீங்க சிரமப்படாதீங்க ஐயா, நான் முடிச்சுத் தர்றேன்" என்றுதான் அவன் பேச்சே தொடங்கும். நல்ல மனதோடு நீங்கள் செய்யும் உதவிக்கும் அவன் விரிக்கும் வலைக்கும் வித்தியாசம் தெரிய அந்தப் பெரியவருக்கு எந்த வழியும் இல்லை.

அதனால் போன் எப்போதும் அவர் கையிலேயே இருக்கட்டும். எங்கே தொட வேண்டும் என்பதை மூடிய பேனாவால் காட்டுங்கள், தொடுவது அவர் விரலாக இருக்கட்டும். நீங்கள் செய்தால் அரை நிமிட வேலை, அவர் செய்யப் பத்து நிமிடம் ஆகும். ஆகட்டும், அந்தப் பத்து நிமிடம்தான் வகுப்பு.

அடுத்து, மறதி. எல்லாவற்றையும் நினைவின்மேல் போடாதீர்கள். முதலில் அவர் விரலைக் கவனியுங்கள். வயதானவர்களின் தோல் வறண்டிருக்கும். விரலின் மின்கடத்தும் தன்மையை வைத்து வேலை செய்யும் தொடுதிரை அதைச் சில நேரம் உணராது. உணரவில்லை என்றதும் அவர் இன்னும் அழுத்தி, நீண்ட நேரம் வைத்திருப்பார். அதை 'நீண்ட தொடல்' என்று எடுத்துக்கொண்டு போன் வேறு ஏதோ பட்டியலைத் திறக்கும். "ஐயோ, கெடுத்துவிட்டேன்" என்று கையை எடுத்துவிடுவார். இது மறதி இல்லை, பயம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் அணுகல்தன்மை என்ற பகுதியில் இந்தத் தொடும் நேரத்தைக் கூட்டி வைக்கலாம். ஐபோனிலும் இதற்கு ஈடான வசதி உண்டு. எழுத்தையும் பெரிதாக்கிவிடுங்கள். இவற்றையும் அவர் விரலாலேயே செய்யவைத்தால் அதுவே முதல் பாடமாகிவிடும்.

அப்புறம், ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு காரியம். பேத்திக்குப் படம் அனுப்புவது என்றால் அது மட்டும்தான். நடுவில் எங்கே தொலைந்துபோனாலும் முகப்புத் திரைக்குத் திரும்பி வரும் வழியைப் பலமுறை பழக்குங்கள். திரும்பி வரத் தெரிந்தவர் தைரியமாக உள்ளே போவார். குறிப்பை அவரே, அவர் வார்த்தையிலேயே எழுதட்டும். "பச்சைப் படத்தைத் தொடு" என்று அவர் எழுதியிருந்தால் திருத்தாதீர்கள். அச்சடித்த கையேடு வேண்டாம். செயலி நிறுவனங்கள் நினைத்தபோதெல்லாம் பொத்தானை இடம் மாற்றிவிடுகின்றன. ஒரு மாதம் பாடுபட்டுப் பழகிய மனிதர் ஒரு காலையில் எழுந்து பார்த்தால் அந்தப் பொத்தான் அங்கே இருக்காது. ஓடிபியைத் தேடிக் கண்டுபிடித்து, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு எண்ணாகத் தட்டுவதற்குள் "நேரம் முடிந்தது" என்கிறது திரை. மனிதர் உட்காரும் கவுன்ட்டரை மூடிவிட்டு "எல்லாம் ஆன்லைனில் செய்யுங்கள்" என்று சொல்பவர்கள், அந்தத் திரையை 74 வயதுக் கண்ணுக்கு ஒருமுறை காட்டிப் பார்த்திருந்தால் இப்படிச் செய்யமாட்டார்கள். பெரியவர் மறக்கிறார் என்பதில் பாதிப் பழி இவர்களைச் சேர வேண்டியது.

இன்னொன்று, விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்று வரும் இடைத்தரகர்கள். இவர்கள் விஷயத்தில் நான் சற்றுக் கடுமையாகவே இருப்பேன். ஒரு அம்மாவுக்கு இப்படி ஒருவர் மின்னஞ்சல் கணக்கு திறந்து கொடுத்தார். கணக்கை மீட்பதற்கான தொலைபேசி எண் என்ற இடத்தில் தன் எண்ணைப் போட்டுவிட்டார். பாஸ்வேர்டு மறந்துபோன அன்று மீட்புக் குறியீடு அவருடைய போனுக்குப் போயிற்று. ஆள் எடுக்கவில்லை. அந்த அம்மா தன் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் நின்றார். உங்கள் பெரியவரின் மின்னஞ்சலில் மீட்பு எண் யாருடையது என்று அடுத்த வகுப்பிலேயே பாருங்கள். வாட்ஸ்அப்பில் 'இணைத்த சாதனங்கள்' பகுதியையும் அவரைத் திறக்கச் சொல்லுங்கள். அடையாளம் தெரியாத கணினி ஏதாவது அங்கே இருந்தால் உடனே வெளியேற்ற வேண்டும்.

வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். போலி எண்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. வங்கியை அழைக்கும் எண் வேண்டுமென்றால் வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருப்பதுதான். அழைத்தவர் யாராக இருந்தாலும், அவர் சொல்லி எந்தச் செயலியையும் இறக்கக் கூடாது. தூரத்திலிருந்தே இன்னொருவரின் திரையைப் பார்த்து உதவ வழிசெய்யும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலிகள் நல்ல வேலைக்காக உருவானவைதான். ஆனால் அறிமுகமில்லாதவன் சொல்லி அதை நிறுவினால் அவன் உங்கள் திரையைப் பார்ப்பான், சில நேரம் இயக்கவும் செய்வான்.

போனை நீங்கள் கையில் வாங்கலாம் என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன்: உங்கள் கண்ணெதிரே மோசடி நடந்துகொண்டிருந்தால். பெரியவர் யாருடனோ பேசிக்கொண்டே திரையைத் தட்டுகிறார், "திரையைப் பகிர்கிறீர்கள்" என்ற அறிவிப்பு தெரிகிறது. அப்போது மரியாதை பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். வாங்கி, அழைப்பைத் துண்டித்து, ஏரோபிளேன் மோடைப் போடுங்கள். வைஃபை தனியாக ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதையும் நிறுத்துங்கள். திரை உங்கள் தொடுதலுக்குக் கட்டுப்படாவிட்டால் போனையே அணைத்துவிடுங்கள். உடனே போனை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்து அவரையே பேசச் சொல்லுங்கள். அந்தச் செயலியை நீக்குவது, பாஸ்வேர்டை மாற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு. பாஸ்வேர்டை மாற்றுவது பாதிக்கப்படாத வேறு சாதனத்தில். "முட்டாளாகிவிட்டேன்" என்று அவர் சொன்னால் அன்று பாடம் எதுவும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவர் நேரில் கேட்காமல், வீட்டிலிருந்து பதறிக்கொண்டு உங்களை அழைத்தாலும் முறை இதுதான்: முதலில் இணையத்தைத் துண்டிக்கச் சொல்லுங்கள், விசாரணை பிறகு.

சரி, அவர் ஏற்கெனவே சொல்லிவிட்ட பாஸ்வேர்டை என்ன செய்வது? இப்போது அது உங்கள் காதில் விழுந்துவிட்டது, எனவே அது ரகசியம் இல்லை. அடுத்த வாரப் பாடம் அதை மாற்றுவதாகவே இருக்கட்டும். "ஐயா, எனக்குத் தெரியாததாக ஒன்று வையுங்கள், நானே கேட்டாலும் சொல்லாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, அவர் தட்டும்போது முகத்தை நன்றாகத் திருப்பிக்கொள்ளுங்கள். முடிந்ததும், "என்ன வைத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்ல வாயெடுத்தால் தடுத்துவிட்டு, அதற்கடுத்த வாரமும் கேளுங்கள்.