பரீட்சைப் பூட்டு மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: கொக்குவிலில் தனியார் கல்வி நிலையமொன்றை நடத்தி வருகிறேன். உயர்தரக் கணக்கீட்டு மாணவர்களுக்கு மாதாந்தப் பரீட்சையை இணையவழியாக வைக்கிறோம். கிளிநொச்சி, வவுனியாவிலிருந்தும் பிள்ளைகள் எழுதுகிறார்கள். பலருடைய விடைகள் பிழை உட்பட ஒரே மாதிரி வருகின்றன. பார்த்தெழுதுவதை முற்றாகத் தடுக்கும் மென்பொருள் என்று கூறி, ஒரு விற்பனை முகவர் ஆண்டுச் சந்தா கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். ‘முற்றாகத் தடுக்கும்’ என்று எந்த மென்பொருளைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல முடியாது. பூட்டு உலாவி எனப்படும் இவ்வகை மென்பொருள், பரீட்சை முடியும்வரை திரையில் வினாத்தாளைத் தவிர வேறெதையும் திறக்க விடாது. பிரதியெடுத்து ஒட்டுவதையும், வேறு செயலிக்குத் தாவுவதையும், திரையைப் படமெடுப்பதையும் பெருமளவு மறிக்கும். ஆனால் அது பூட்டுவது அந்தக் கணினியை மட்டுமே. மேசையில் கிடக்கும் கைத்தொலைபேசியையோ, அதில் வினாவைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போடும் கையையோ, பக்கத்தில் அமர்ந்திருக்கும் அண்ணனையோ அது அறியாது.

இதே வேலையைச் செய்யும் ‘சேஃப் எக்ஸாம் பிறவுசர்’ இலவசமாகவே கிடைக்கிறது. சுவிற்சர்லாந்தின் சூரிச் ஈ.ரி.எச் பல்கலைக்கழகத்தில் உருவான திறந்த மூல மென்பொருள் இது. நீங்கள் மூடில் (Moodle) எனும் இணையவழிக் கற்றல் தளத்தில் பரீட்சை வைப்பவராயின், 2020 இல் வெளியான 3.9 பதிப்பிலிருந்து இதனுடன் இணையும் வசதி அதிலேயே உள்ளது. குறித்த உலாவியில், நீங்கள் குறித்த அமைப்புகளோடு வருபவருக்கு மட்டுமே வினாத்தாள் திறக்கும்படி செய்துவிடலாம். இதைக் காட்டிலும் மேலதிகமாக என்ன தருகிறார் என்பதை அந்த முகவர் உங்களுக்கு விளக்கியாக வேண்டும்.

இதைவிட முக்கியமான கேள்வி, உங்கள் பிள்ளைகள் எதில் பரீட்சை எழுதுகிறார்கள் என்பது. மேற்சொன்ன உலாவி விண்டோஸ், மக், ஐபாட் ஆகியவற்றில் இயங்கும். அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியில் இயங்காது. கூகுள் படிவத்தின் பூட்டு முறையோ, பாடசாலை நிர்வாகத்தின் கட்டுப்பாட்டிலுள்ள குரோம்புக் கணினிகளுக்கு மட்டும் உரியது. ஆகவே பணம் கட்டுமுன் எத்தனை பேரிடம் மடிக்கணினி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கைத்தொலைபேசியை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளையை, பூட்டு இல்லை என்பதற்காகப் பரீட்சையிலிருந்து ஒதுக்குவது பெரும் அநீதி. அப்படிப்பட்ட பிள்ளைகள் அதிகமென்றால், சந்தாவுக்கு வைத்த பணத்தில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஒரு நாளுக்கு மண்டபம் எடுத்து, மேற்பார்வையாளரை அமர்த்தி, தாளிலேயே எழுதவிடுவது எவ்வளவோ மேல்.

உங்கள் பாடம் கணக்கீடு என்பதால் இன்னொரு நல்ல வழியும் இருக்கிறது. மூடிலில் ஒரே வினாவை ஒவ்வொரு மாணவருக்கும் வேறு தொகைகளோடு கொடுக்கலாம். வினா வங்கியிலிருந்து எழுமாறாகத் தெரிவுசெய்து, வரிசையையும் கலைத்து விடலாம். ஒருவருடைய பெறுமானத் தேய்வுக் கணக்கின் விடை மற்றவருக்குப் பொருந்தாதபோது, அதைக் குழுவில் அனுப்பிப் பயனில்லை. வினாக்களை ஆக்க ஆசிரியருக்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மை. ஆயினும் பூட்டு எட்டாத இடத்தையும் இது எட்டும்.

கமெரா வழியாக முகத்தையும் அறையையும் கண்காணிக்கும் வகையை முகவர் முன்வைத்தால், மேலும் கவனமாக இருங்கள். காணொளிக்குத் தரவுச் செலவு கூடும், இணைப்புத் தளம்பினால் குற்றமற்ற பிள்ளையும் சந்தேகப் பட்டியலில் ஏறலாம். முகத்தைக் கணித்து அடையாளம் காணும் தரவு, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கூடுதல் பாதுகாப்புக்குரிய விசேட வகைக்குள் அடங்குகிறது. பதிவுகள் எந்த நாட்டில், எவ்வளவு காலம் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். அதோடு, உங்கள் மாணவர்களின் சொந்தக் கணினிகளிலேயே ஒரு பரீட்சையை இலவசமாக நடத்திப் பார்க்கவும் கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு மறுத்தாலும் பேச்சை நிறுத்திவிடலாம்.

கேள்வி: மகளின் கற்கைநெறிக்காக இப்படியொரு பூட்டு உலாவியைக் கணினியில் நிறுவச் சொல்கிறார்கள். பரீட்சை நடுவில் மின்சாரம் போனால் என்னாகும்? கணினிக்குக் கேடு வருமா? (தாயார், சாவகச்சேரி)

பதில்: மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்தோ, கல்வி நிறுவனம் தந்த இணைப்பிலிருந்தோ மட்டும் தரவிறக்குங்கள், நண்பர் அனுப்பும் கோப்பு வேண்டாம். மூடிலில் எழுதிய விடைகள் வழக்கமாக நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கப்படும். திரும்ப நுழைந்து தொடரலாம். ஆனால் நேரக்கணிப்பு நிற்காது. மின்தடைக்கு மேலதிக நேரம் தருவார்களா என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பரீட்சை நேரத்தில் இந்த உலாவி விண்டோஸின் சில அமைப்புகளை மாற்றி, முடிந்ததும் பழையபடி ஆக்கிவிடும். சடுதியாகக் கணினி நின்றால் அம்மாற்றங்கள் சிலவேளை அப்படியே தங்கிவிடக்கூடும். சேஃப் எக்ஸாம் பிறவுசராயின் அதை நேராக்குவதற்கான மீளமைப்புக் கருவி அதனுடனேயே வருகிறது. அதை இயக்கினால் போதும். பரீட்சைக்கு ஒரு நாள் முன்பே நிறுவி, மாதிரி வினாத்தாளொன்றைத் திறந்து மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். கற்கைநெறி முடிந்ததும் மற்ற மென்பொருள்களைப் போலவே இதையும் நீக்கிவிடலாம்.